சுழலும் அகச்சிவப்புக் கருவியில் பொய் எச்சரிக்கைகளைக் குறைப்பது எப்படி?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. கரையில் ஒரு கோபுரத்தின் மேல் அகச்சிவப்புக் கருவி நொடிக்கு ஒரு சுற்று சுழல்கிறது. செங்குத்தாக 288 உணரிகள், பிக்சல் ஒன்றுக்கு அரை மில்லிரேடியன் கோணம், அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அரை மீட்டர். கடலை ஒட்டித் தாழப் பறந்து வரும் சிறிய இலக்கை அது கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கணக்கான பொய்ப் புள்ளிகள் வருகின்றன. ஒரு புள்ளியைக் கணக்கில் எடுக்கத் தேவையான வலுவை, அதாவது வரம்பை, உயர்த்தினால் அவை குறைகின்றன, கூடவே இலக்கும் காணாமல் போகிறது. வரம்பை எவ்வளவு வைக்கலாம் என்பது உங்கள் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகத் தர நான் விரும்பவில்லை. வரம்பு என்பது கடைசியில் தொட வேண்டிய திருகு. அதை முதலில் தொட்டுவிட்டு மாதக்கணக்கில் அதிலேயே சிக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி ஆகிறது என்பதை உங்கள் கருவியின் கணக்கையே வைத்துக் காட்டுகிறேன்.

அரை மில்லிரேடியன் பிக்சலில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 12,566 நெடுவரிசைகள். 288 ஆல் பெருக்கினால் சுற்றுக்கு 36 லட்சம் பிக்சல்கள். இரைச்சல் முழுக்க இயல்நிலைப் பரவலில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வரம்பை 4.75 திட்ட விலக்கத்தில் வைத்தால் ஒரு பிக்சல் தவறாக வரம்பைத் தாண்டும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று. கேட்பதற்கு நல்ல எண்தான். ஆனால் சுற்றுக்கு மூன்று நான்கு பொய்ப் புள்ளிகள், மணிக்குச் சுமார் 13,000. மணிக்கு ஒன்று போதும் என்றால் 1,300 கோடிப் பிக்சல்களில் ஒன்றுதான் தவறலாம். அதற்கு வரம்பு 6.4 திட்ட விலக்கத்துக்குப் போக வேண்டும். இரைச்சலைப் போல ஆறு மடங்கு வலுவுள்ள இலக்கு வந்தால்கூட, அந்த வரம்பில் ஒரு சுற்றில் அது பிடிபடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். இரைச்சல் இவ்வளவு ஒழுங்காக இருந்தாலே நிலைமை இது. மேகமும் அலையும் இயல்நிலைப் பரவலுக்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றின் வால் நீளமானது, அதாவது மிகப் பெரிய மதிப்புகள் அவற்றில் அடிக்கடி வரும். 6.4 என்ன, 10 திட்ட விலக்கத்தையும் ஓர் அலையின் பளிச்சிடல் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

இனி இதற்கு நேர்மாறாக ஒரு கணக்கு. வரம்பை 4.26 க்கு இறக்குங்கள். பிக்சலுக்குத் தவறும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று, சுற்றுக்கு 36 பொய்ப் புள்ளிகள். இதில் எதையும் எச்சரிக்கையாக அறிவிக்காதீர்கள். ஒரு புள்ளி வந்த இடத்தைச் சுற்றி அடுத்த சுற்றில் 7க்கு 7 பிக்சல் கட்டம் போட்டுத் தேடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் இரைச்சல் மறுபடியும் விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஐந்துக்கும் குறைவு. தொடர்ந்து மூன்று சுற்றுகளிலும் விழுந்தால்தான் எச்சரிக்கை என்றால், இரைச்சலால் வரும் பொய் சுமார் 32 மணிநேரத்துக்கு ஒன்று. நான்கு சுற்றுகளில் மூன்று போதும் என்று தளர்த்தினால் ஏறக்குறைய 10 மணிநேரத்துக்கு ஒன்று. அதே ஆறு மடங்கு இலக்கு இப்போது ஒவ்வொரு சுற்றிலும் 96 விழுக்காடு பிடிபடுகிறது. நான்கில் மூன்று என்ற விதியில் 99 விழுக்காடு. வரம்பை இறக்கியதால் பொய்யும் குறைந்தது, இலக்கும் கிடைத்தது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். கருவி 20 மீட்டர் உயரத்திலும் இலக்கு 5 மீட்டர் உயரத்திலும் இருந்தால் அது தொடுவானத்தில் தலைகாட்டும் தூரம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். நொடிக்கு 300 மீட்டரில் வருவதற்கு 80 நொடிகள் ஆகும், அதில் மூன்று நொடிகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். நொடிக்கு 900 மீட்டரில் வருவதென்றால் மொத்தமே 27 நொடிகள். அதில் மூன்று என்பது ஒன்பதில் ஒரு பங்கு. எத்தனை சுற்றுகள் காத்திருப்பது என்பதை இலக்கின் வேகத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் மேலே போட்ட கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒரு சுற்றின் பொய்க்கும் அடுத்த சுற்றின் பொய்க்கும் தொடர்பு இருக்கக் கூடாது. உணரியின் இரைச்சலுக்கு அது பொருந்தும். மேக விளிம்புக்குப் பொருந்தாது, அது அடுத்த நொடியும் அங்கேயே இருக்கும். மீன்பிடிப் படகின் இயந்திரமும் அப்படித்தான். ஆகவே உங்கள் பொய்களை முதலில் இனம் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் போடுவதுதான் இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை. உணரிக்குள் பிறந்த பொய் வேறு. வெளியே உண்மையாகவே இருந்து நமக்கு வேண்டாததாகிய பறவை வேறு. பறவையைப் பார்த்தது கருவியின் தவறே அல்ல. அதை ஏவுகணை என்று அறிவித்ததுதான் தவறு. முதலாவதை உணரியில் சரிசெய்ய வேண்டும், இரண்டாவதைத் தடத்தில், அதாவது புள்ளிகளைச் சுற்றுக்குச் சுற்று இணைத்துக் கிடைக்கும் பாதையில்.

இனம் பிரிக்க ஒரு படம் போதும். ஒரு மணிநேரப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு புள்ளியையும், கிடைமட்டத்தில் திசைக்கோணம், செங்குத்தில் சுற்றின் எண் என்று வைத்துக் குத்துங்கள். பக்கத்திலேயே எந்த உணரி எத்தனை முறை தாண்டியது என்று ஒரு பட்டைப்படம். முதல் படத்தில் தூவிவிட்டதுபோல் இருப்பது இரைச்சல். நேர் செங்குத்துக் கோடு என்றால் அசையாத ஏதோ ஒன்று: விளக்கு, கம்பம், நங்கூரமிட்ட கப்பல். சாய்ந்த கோடு நகரும் பொருள். சூரியன் இருக்கும் திசையில் அகலமான அடர்ந்த பட்டை தெரிந்தால் அது அலைகளின் பளிச்சிடல். பட்டைப்படத்தில் ஒரே ஓர் உணரி மட்டும் ஓங்கி நின்றால் அந்த உணரி கெட்டிருக்கிறது. தொடுவானத்துக்குக் கீழே உள்ள உணரிகள் கூட்டமாக ஓங்கி நின்றால் அது கடல். நிரலில் ஒரு வரி மாற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டு படங்களையும் அச்சிட்டு மேசையில் வையுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஒரு சோதனை. சுழலும் தலை, அதைச் சுற்றி அசையாத கூண்டுக் கண்ணாடி. காலையில் படம் போட்டதும் ஒரே திசையில் பிசகாத செங்குத்துக் கோடு. அந்தப் பக்கம் கடலில் எதுவும் இல்லை. வெயில் ஏற ஏறக் கோடு தடித்தது. இரண்டு நாள்கள் நிரலில் உள்ள ஃபில்டரின் அளவுகளை மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, கண்ணாடியின் வெளிப்புறத்தில் கட்டைவிரல் நகமளவுக்குக் காய்ந்த உப்புத் திட்டு. கடல் தெளித்த துளி உலர்ந்து, அதன்மேல் விழுந்த வெயில் சிதறி உள்ளே வந்துகொண்டிருந்தது. நன்னீரில் நனைத்த மென்துணியால் துடைத்த அடுத்த சுற்றிலேயே கோடு மறைந்தது. இதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மை நோக்கி நேராக வரும் ஏவுகணையின் அடையாளமும் திசைக்கோணம் மாறாமல் பிரகாசம் கூடிக்கொண்டே போவதுதான். கண்ணாடியில் படிந்த உப்பு அதே வேடத்தைப் போட்டது. கண்ணாடி தலையோடு சேர்ந்து சுழல்வதாக இருந்தால் அந்த அழுக்கு எல்லாத் திசைகளிலும் கரைந்து மங்கலாகியிருக்கும். உங்கள் கருவியில் எது என்று பாருங்கள்.

இப்போது உணரிக்கு வருவோம். சுழலும் கருவியில் ஓர் உணரி ஒரு சுற்று முழுவதும் ஒரே வரியை வரைகிறது. ஆகவே அதன் பிழையும் 360 பாகைக்கும் நீள்கிறது. இரண்டு வெப்பநிலைகளில் அளவிட்டு, உணரிகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சமன்செய்வது அடிப்படை, அதைச் செய்திருப்பீர்கள். ஆனால் காலையில் செய்த சமன் மதியத்துக்குத் தாங்காது. சுற்றுக்கு ஒருமுறை தலை கடந்துபோகும் இடத்தில், வெப்பநிலை தெரிந்த ஒரு தகட்டைப் பொருத்த இடமிருந்தால் பொருத்துங்கள். நொடிக்கு ஒருமுறை சமன்செய்யலாம். முழுதாகச் செத்த உணரியால் தொல்லை அதிகமில்லை, பட்டியலில் சேர்த்து ஒதுக்கிவிடலாம். இரண்டு நிலைகளுக்கு இடையே திடீர் திடீரென்று தாவும் உணரிதான் ஆபத்தானது. சமன்செய்யும் நேரத்தில் ஒழுங்காக இருந்துவிட்டுப் பிறகு தாவும். ஆகவே ஒவ்வொரு உணரிக்கும் அதன் சொந்த இரைச்சலை ஓடும்போதே அளந்து, வரம்பை அதற்கேற்றபடி தனித்தனியாக வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத திசைகளில் ஒரே உணரி அடிக்கடி தாண்டினால் அதைத் தானாகவே சிறிது நேரம் ஒதுக்கிவைக்க ஒரு விதி எழுதுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. புறத்தே இருந்து வரும் எந்த ஒளியும் லென்ஸின் மங்கலைக் கடந்துதான் உணரியைத் தொடும். ஆகவே லென்ஸின் மங்கலைவிடக் கூர்மையான புள்ளி எதுவும் புறத்தே இருந்து வந்திருக்க முடியாது. இதைப் பயன்படுத்த, சுழலும் திசையில் பிக்சலுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு மாதிரிகளாவது எடுக்க வேண்டும். அப்போது உண்மையான புள்ளி இரண்டு மூன்று மாதிரிகளில் ஏறி இறங்கும். மின் இடையூறோ விண்வெளியிலிருந்து வரும் துகளோ ஒரே மாதிரியில் ஊசிபோல் குத்திவிட்டுப் போகும். உங்களுடையது 288க்கு 4 வகை உணரியாக, அதாவது ஒவ்வொரு வரிக்கும் அடுத்தடுத்து நான்கு உணரிகள் உள்ளதாக இருந்தால், ஒரே புள்ளி நான்கு உணரிகளை அடுத்தடுத்துக் கடக்கும். அவற்றைக் கூட்டினால் குறிகைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் இரண்டு மடங்காகிறது. பலவற்றில் இந்தக் கூட்டல் உணரிச் சில்லுக்குள்ளேயே முடிந்துவிடும். கூட்டுவதற்கு முந்தைய நான்கு மதிப்புகளும் உங்களுக்குக் கிடைக்குமானால், ஒன்றில் மட்டும் எகிறி மற்ற மூன்றில் இல்லாததைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

மேகத்துக்கு வருகிறேன். மேகத்தின் உடல் பெரியது, மெதுவாக மாறுவது. அதை நீக்குவது எளிது. தொல்லை தருவது விளிம்பு. சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியைக் கழித்தால் விளிம்பு அப்படியே தப்பிவிடும், ஏனென்றால் சராசரியில் பாதி மேகம், பாதி வானம். அதற்குப் பதிலாகக் கிடைமட்டம், செங்குத்து, இரண்டு மூலைவிட்டங்கள் ஆகிய நான்கு திசைகளிலும் தனித்தனியாக இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) கண்டுபிடித்து, அவற்றில் பெரியதைக் கழியுங்கள். விளிம்பு ஏதாவது ஒரு திசையில் நீண்டிருக்கும், அந்தத் திசையின் இடைநிலை அதை விழுங்கிவிடும். புள்ளி எந்தத் திசையிலும் நீண்டிருக்காது, ஆகவே தப்பும். 1999 முதல் புழக்கத்தில் இருக்கும் எளிய ஃபில்டர் இது. நொடிக்கு 36 லட்சம் பிக்சல்களைச் சிறிய வன்பொருளிலேயே இதில் ஓட்டிவிடலாம். பின்னால் வந்த பல முறைகள் கணக்கில் அழகானவை, ஆனால் படம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தீர்ப்பவை. முதலில் எளியதைப் போட்டுப் பாருங்கள்.

கழித்த பிறகு மிஞ்சும் படத்தில் ஒரே வரம்பு வைக்காதீர்கள். ரேடார்காரர்கள் 1960களிலிருந்து செய்துவருவதைப் போல, ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் உள்ள மதிப்புகளின் சிதறலை அளந்து வரம்பை அதன் மடங்காக வையுங்கள். தெளிந்த வானத்தில் வரம்பு தானாக இறங்கும், கலங்கிய கடலில் தானாக ஏறும். தொடுவானத்தில் மட்டும் ஒரு கவனம் தேவை. அளக்கும் கட்டம் பாதி வானத்திலும் பாதி கடலிலும் விழுந்தால் கடலின் சிதறல் வானத்தின் வரம்பைத் தூக்கிவிடும். நீங்கள் தேடும் இலக்கு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். ஆகவே தொடுவானக் கோட்டைக் கண்டுபிடித்து, மேலே உள்ள பிக்சலுக்கு மேல் பாதியையும் கீழே உள்ளதற்குக் கீழ்ப் பாதியையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

முந்தைய சுற்றை இப்போதைய சுற்றிலிருந்து கழிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. கோண அளவியில் அரை மில்லிரேடியன் பிசகினாலே ஒவ்வொரு மேக விளிம்பும் ஒரு பொய்யாக முளைக்கும். கப்பலில் வைத்தால் ஆட்டமும் சேரும். கடலோ ஒரு நொடியில் முற்றிலும் வேறு கடலாகிவிடும், கழிப்பதால் எதுவும் குறையாது. ஒவ்வொரு சுற்றையும் தனியாக வடிகட்டி, மிஞ்சிய புள்ளிகளை மட்டும் சுற்றுகளுக்கு இடையே இணையுங்கள்.

சூரியப் பளிச்சிடல் வேறு வகை. அது உண்மையான ஒளி, கூர்மையான புள்ளி, இலக்கைவிடப் பிரகாசமானது. இங்கே கணிதத்தைவிட இயற்பியல் உதவும். 5,800 கெல்வின் சூரியனின் ஒளி 3 முதல் 5 மைக்ரான் அலைநீளப் பட்டையில் வலுவாகத் தெறிக்கும், 8 முதல் 12 மைக்ரானில் மிகவும் குறைவு. இரண்டு பட்டைகளிலும் பார்க்க முடிந்தால் விகிதமே தெறிப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே பட்டைதான் என்றால் தேர்வு கடினம். நம்முடையதைப் போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த கடற்கரைகளில் 8 முதல் 12 மைக்ரானை நீராவி அதிகம் உறிஞ்சுகிறது. தூரம் வேண்டுமென்றால் 3 முதல் 5 தான். அப்போது தெறிப்பைக் காலத்தால் பிடிக்க வேண்டும். ஓர் அலை முகத்தின் பளிச்சிடல் நொடியின் சிறு பகுதிதான் வாழும், ஆகவே அடுத்த சுற்றில் அதே அலை பளிச்சிடாது. ஆனால் சூரியனுக்குக் கீழே உள்ள பட்டையில் பளிச்சிடல் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், வேறோர் அலை கட்டத்துக்குள் விழுந்து தடத்தை உயிரோடு வைத்திருக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஆறு சுற்றுகளில் ஐந்து என்று விதியைக் கடுமையாக்குங்கள், தேடும் கட்டத்தையும் சுருக்குங்கள். இந்தப் பகுதியில் கண்டுபிடிக்கும் தூரம் குறைந்திருக்கிறது என்பதைத் திரையில் காட்டுங்கள். அமைதியாகக் குறைத்துவிட்டு இயக்குபவரிடம் சொல்லாமல் விடுவது மிகத் தவறானது.

அலைநீளப் பட்டையைத் தேர்ந்தெடுப்பதே பொய்யைக் குறைக்கும் வழி என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் விண்வெளியில் இருக்கிறது. ஏவுகணைகள் புறப்படுவதைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் டி.எஸ்.பி. செயற்கைக்கோள்களும் சுழலும் அகச்சிவப்புக் கருவிகள்தான். 1970 இல் முதலாவது ஏவப்பட்டது. நிமிடத்துக்கு ஆறு முறை சுழன்று, 10 நொடிக்கு ஒருமுறை பூமியைத் துடைத்துப் பார்க்கும். அவற்றுக்குத் தேர்ந்தெடுத்த அலைநீளம் 2.7 மைக்ரான். அந்த இடத்தில் நீராவி ஒளியை விழுங்கிவிடுவதால் தரையின் வெப்பமும் தரையில் தெறிக்கும் வெயிலும் பெரும்பாலும் மேலே வருவதே இல்லை. கனமான காற்றைத் தாண்டி ஏறிய ராக்கெட்டின் சுவாலை மட்டும் தெரியும். நிரல் எதுவும் ஓடுவதற்கு முன்பே பின்னணியின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் நீராவிக்கு மேலே உயர்ந்த மேகங்களும் இருக்கின்றன, அவற்றின்மேல் படும் வெயிலை மறைக்க அங்கே எதுவும் இல்லை.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 1983 செப்டம்பர் 26 அன்று நள்ளிரவு தாண்டியதும் சோவியத் ஒன்றியத்தின் செர்புகோவ்-15 ஏவுகணை எச்சரிக்கை மையத்தில் தெரிந்தது. ஏவுகணைகளைக் கண்காணிக்கும் அவர்களுடைய ஓகோ செயற்கைக்கோள்கள் நீள்வட்டப் பாதையிலிருந்து பூமியின் விளிம்பை ஒட்டிச் சாய்வாகப் பார்க்குமாறு அமைக்கப்பட்டவை. கருத்த விண்வெளியைப் பின்னணியாக வைத்துத் தரைத் தெறிப்பைத் தவிர்ப்பது நோக்கம். அன்று உயர்ந்த மேகங்களும் சூரியனும் செயற்கைக்கோளும் ஒத்த கோணத்தில் அமைந்துவிட, அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணையும், பின்னர் மேலும் நான்கும் புறப்பட்டதாகக் கணினி அறிவித்தது. பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், போரைத் தொடங்குபவர்கள் ஐந்தே ஐந்து ஏவுகணைகளை அனுப்ப மாட்டார்கள் என்று எண்ணினார். தரை ரேடார்களும் எதையும் காட்டவில்லை. பொய் எச்சரிக்கை என்று அறிவித்தார். ஐந்தும் ஒரே காரணத்தால் வந்த பொய்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள பொய்களை எத்தனை முறை எண்ணினாலும் அவை ஒரே சான்றுதான். பின்னர் அவர்கள் செய்த திருத்தமும் அதற்கேற்றதே: பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நின்று, வேறு கோணத்திலிருந்து பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. உங்கள் கோபுரத்திலும் இரண்டாவது சான்று ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். சிறிய ரேடார் இருந்தால் சந்தேகமான திசையை மட்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

பறவைகளையும் படகுகளையும் தடத்தில் பிரியுங்கள். நேராக வரும் இலக்கின் திசைக்கோணம் அநேகமாக மாறாது, பிரகாசம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 24 கிலோமீட்டர் 12 ஆகும்போது நான்கு மடங்கு, இடையிலுள்ள காற்றும் குறைவதால் அதற்கும் மேல். கடற்காகத்தின் பாதை வளையும், சிறகடிப்பு நொடிக்குப் பலமுறை என்பதால் நொடிக்கு ஒருமுறை பார்க்கும் கருவிக்கு அதன் பிரகாசம் தாறுமாறாகத் தெரியும். ஆனால் தொடுவானத்தருகே உண்மை இலக்கும் காற்றின் கொதிப்பில் மினுமினுக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பிரகாசம் ஏறியே ஆக வேண்டும் என்று விதி எழுதாதீர்கள். ஐந்தாறு சுற்றுகளின் போக்கைப் பாருங்கள்.

நரம்பியல் வலைப்பின்னலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடைசிக் கட்டத்தில், தப்பி வந்த புள்ளிகளைச் சுற்றி 15க்கு 15 துண்டு வெட்டிக்கொடுத்து வகைப்படுத்த அது நன்றாகவே உதவும். ஆனால் பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது நாள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே நாளின் சுற்றுகளைக் கலைத்துப் பிரித்தால் ஒரே மேகம் இரண்டு பக்கமும் இருக்கும். 99 விழுக்காடு என்று வரும் விடை அடுத்த வாரக் கடலில் நிற்காது.

முதல் வேலையாக, இலக்கே இல்லாத ஒரு பதிவை எடுங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி, வெயில் நன்றாக ஏறும்வரை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் காற்றின் வேகம், மேகம், சூரியனின் உயரம் ஆகியவற்றைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள். அதில் மேலே சொன்ன இரண்டு படங்களையும் போட்டு அனுப்பினால், உங்கள் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் எத்தனை எந்த இனம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஏணி வைத்துக் கண்ணாடியைத் துடைப்பதைப் பதிவுக்கு முன்பே செய்துவிடுங்கள்.